கள்ளிச்செடிக்கு முதல் பரிசு: நடுவர் எதைப் பார்க்கிறார்?

ரோஜா கண்காட்சியில் ஒரு பூவுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்றால் புரிகிறது. பூசணிக்காய்ப் போட்டி என்றால் தராசில் தூக்கி வைத்தால் கதை முடிந்தது. ஆனால் ஒரு நீள மேஜை முழுக்க முள் உருண்டைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு முதல் பரிசு. பக்கத்திலேயே, பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கிற இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. எதை வைத்து முடிவு பண்ணினார்கள்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பிரிட்டன், கலிஃபோர்னியா காக்டஸ் சங்கங்களின் போட்டி அட்டவணைகளையும் விதிகளையும் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இது வயசானவர்களின் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு மாதிரிதான் தெரியும். உள்ளே போனால் தாவரவியல், வளர்ப்பவரின் ஒழுக்கம், ஏன் சர்வதேசக் கடத்தல் வரைக்கும் விஷயம் நீள்கிறது. படித்ததை ஒழுங்குபடுத்தி வைக்கும் முயற்சிதான் இந்தக் குறிப்பு.

சங்கங்கள், சுருக்கமாக

அமெரிக்காவின் காக்டஸ் அண்ட் சக்குலன்ட் சொசைட்டி 1929-இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் தொடங்கியது. பிரிட்டனில் 1931-இல் ஒரு சங்கம், 1945-இல் இன்னொன்று. ரெண்டும் 1983-இல் ஒன்றாகி இன்றைய பிரிட்டிஷ் காக்டஸ் அண்ட் சக்குலன்ட் சொசைட்டி ஆனது. பிரிட்டனில் ஊர்க் கிளைகள் ஒவ்வொன்றும் கோடையை ஒட்டி ஒரு போட்டி நடத்தும். பெரும்பாலும் ஏதாவது ஊர்ப் பொதுமண்டபத்தில் நடக்கும். அதற்கு மேல் பல கிளைகள் சேர்ந்த வட்டாரப் போட்டி, அதற்கும் மேலே தேசியப் போட்டி. கலிஃபோர்னியாவில் லாங் பீச், லாஸ் ஏஞ்சலஸ், சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு ஆகிய மூன்று சங்கங்கள் சேர்ந்து ஆகஸ்டில் ஆர்கேடியா தாவரத் தோட்டத்தில் நடத்தும் 'இன்டர்-சிட்டி' போட்டி பெயர்பெற்றது. அங்கே புதியவர், முன்னேறியவர், திறந்த பிரிவு என்று மூன்று படிகள் உண்டு. நேற்று வந்தவரும் முப்பது வருஷ அனுபவக்காரரும் ஒரே மேஜையில் மோத வேண்டியதில்லை.

முதல் வடிகட்டி: இது கள்ளியா?

போட்டி அட்டவணை முதலில் செடிகளை இரண்டாகப் பிரிக்கும்: காக்டஸ் ஒரு பக்கம், மற்ற சதைப்பற்றுச் செடிகள், அதாவது சக்குலன்ட்கள், இன்னொரு பக்கம். தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும், ஏனென்றால் நம்ம 'கள்ளி' ரெண்டையும் சேர்த்தே குறிக்கிறது.

சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வருகிற கள்ளி, தாவரவியல்படி காக்டஸ் இல்லை. காக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்குரியது. ரிப்சாலிஸ் என்ற தொங்கும் வகையில் ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. நம்மூர் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா பேரினம். உடைத்தால் பால் வரும். திருகுகள்ளியின் அறிவியல் பெயரே 'யூஃபோர்பியா திருக்கள்ளி'. நம் தென்னகப் பெயரைத்தான் லின்னேயஸ் எடுத்துக்கொண்டார். வேலியோரம் மண்டிக்கிடக்கும் சப்பாத்திக்கள்ளிதான் அசல் காக்டஸ். அது கடல் தாண்டி வந்தது.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: காக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சு மெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்த மெத்தைக்கு அரியோல் என்று பெயர். யூஃபோர்பியாவில் அது கிடையாது. போட்டியில் யூஃபோர்பியாவை காக்டஸ் வகுப்பில் வைத்தால், செடி எவ்வளவு அருமையாக இருந்தாலும் நடுவர் 'அட்டவணைப்படி இல்லை' என்று ஓர் அட்டையை எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மேல்முறையீடெல்லாம் பெரிதாக எடுபடாது.

பிறகு பேரினவாரியாகப் பிரியும். மாமில்லாரியா ஒரு வகுப்பு, ரெபூஷியா ஒன்று, ஜிம்னோகலிசியம் ஒன்று. அந்தப் பக்கம் ஹவோர்த்தியா, கற்றாழை, யூஃபோர்பியா, கூழாங்கல் போலவே இருக்கும் லித்தாப்ஸ் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் தொட்டியின் அளவுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். சின்ன இடத்தில் வளர்ப்பவருக்கும் வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக.

உடம்பே பதிவேடு

இனி முக்கியமான பகுதி. என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததும் இதுதான்.

நடுவர்கள் பார்க்கும் அம்சங்கள்: செடியின் நிலை, அளவும் முதிர்ச்சியும், வளர்ப்பதில் உள்ள கடினம், அரிய வகையா என்பது, காட்சிக்கு வைத்திருக்கும் விதம், பெயர் சரியா என்பது. சங்கத்துக்குச் சங்கம் எடை மாறும். ஆனால் எல்லா இடத்திலும் தலையாய இடம் 'நிலை'க்குத்தான். நிலை என்றால் என்ன? இன்றைக்கு ஆரோக்கியமாக இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் இல்லை. இதுவரைக்கும் எப்படி இருந்தது என்பதும்தான்.

காரணம் தாவரவியலில் இருக்கிறது. மாமரம் வருஷா வருஷம் இலை மாற்றுகிறது. போன வருஷம் பூச்சி அரித்த இலை இன்று மரத்தில் இல்லை. தண்டில் பட்டை வந்து பழைய தோலை மூடிவிடும். காக்டஸுக்கு இந்த வசதி கிடையாது. அதற்கு இலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஒளிச்சேர்க்கையைத் தண்டின் பச்சைத் தோல்தான் செய்தாக வேண்டும். எனவே அந்தத் தோலைப் பட்டையாக மாற்றாமல் பல வருஷம், சில இனங்களில் பல பத்தாண்டுகள், அப்படியே உயிரோடு வைத்திருக்கிறது. புது வளர்ச்சி உச்சியில் மட்டும் நடக்கிறது. உச்சியில் பிறந்த திசு மெதுவாகக் கீழே தள்ளப்பட்டுப் பக்கவாட்டுக்கு வரும்.

மென்பொருள்காரர்களுக்கு ஒரு வரியில் சொல்வதானால்: காக்டஸ் ஒரு லாக் ஃபைல். சேர்க்க மட்டும்தான் முடியும், பழைய வரியை அழிக்கவோ திருத்தவோ முடியாது. உச்சியில் இருப்பது இந்த வருஷம், அடியில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தையது.

இந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல நடுவர். சில உதாரணங்கள்:

உருளை வடிவச் செடியின் நடுவில் இடுப்பு மாதிரி ஒரு குறுகல் இருந்தால், அந்தக் காலத்தில் வெளிச்சமோ தண்ணீரோ போதவில்லை, அல்லது வேர் கெட்டிருந்தது. பிறகு சரியாகி மறுபடி பருத்திருக்கிறது. உச்சி மட்டும் வெளிறிப் போய்க் கூம்பாக நீண்டிருந்தால், குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவாக இருந்தபோது தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். ஒரே பக்கம் வெளுத்த தழும்பு என்றால் வெயில் சுட்டது. மேகமூட்டமான குளிர்காலம் முடிந்து வசந்தத்தின் முதல் கடும் வெயில் கண்ணாடிக்குடில் வழியாக அடிக்கும்போது இது நடக்கும். செங்குத்தாக ஒரு வெடிப்பு ஆறியிருந்தால் தண்ணீர் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. உச்சியருகே துருப் பிடித்த மாதிரி செம்பழுப்பு நிறம் படிந்திருந்தால் சிவப்புச் சிலந்திப்பேன் வந்துபோயிருக்கிறது. முட்கள் ஒரு வட்டத்துக்கு மட்டும் குட்டையாக இருந்தால், அந்தப் பருவத்தில் செடிக்கு ஏதோ கஷ்டம்.

இதில் எதையும் போட்டிக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி படித்துத் தேறுகிற வித்தை இங்கே செல்லாது.

அடிப்பாகம் பழுப்பாகித் தக்கை போல ஆவது மட்டும் விதிவிலக்கு. அது வயதின் இயல்பு. ஆனால் தக்கைக்கும் தழும்புக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். தக்கை அடியிலிருந்து சீராக, எல்லாப் பக்கமும் ஏறும். தழும்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

எல்லாச் செடிக்கும் ஒரே ஞாபகசக்தி இல்லை

சக்குலன்ட் பக்கம் வந்தால் கதை மாறுகிறது. தென்னாப்பிரிக்கா, நமீபியா பகுதிகளைச் சேர்ந்த லித்தாப்ஸுக்கு ஒரு ஜோடி இலைதான். ஒவ்வொரு வருஷமும் அந்த ஜோடிக்குள்ளிருந்து புது ஜோடி வரும். பழையதில் இருக்கும் தண்ணீரைப் புதியது உறிஞ்சிக்கொள்ள, பழையது காய்ந்து சருகாகும். அதாவது மொத்த உடம்பும் வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகிறது. போன வருஷத் தழும்பு இந்த வருஷம் இல்லை. இங்கே நடுவர் பார்ப்பது வேறு: பழைய இலை முழுதாக வற்றியிருக்கிறதா? வற்றும் சமயத்தில் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தால் பழைய ஜோடியும் புதிய ஜோடியும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஒரு தொட்டியில் இருபது தலைகள் என்றால் இருபதும் ஒரே அளவில், தரையோடு தரையாக, நிறம் எடுத்து நிற்கிறதா?

எக்கெவேரியா, டட்லியா போன்றவற்றின் இலைமேல் வெண்மையான மாவு படிந்திருக்கும். வெயிலிலிருந்து தோலைக் காக்கிற மெழுகு அது. ஒரு தடவை விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். அந்த இலை உதிரும்வரை அந்த அடையாளம் இருக்கும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினாலும் சொட்டுச் சொட்டாகத் தெரியும். ஆகவே இவற்றைப் போட்டிக்குக் கொண்டுவருவது என்பது செடியைத் தொடாமலே தூக்கிவருகிற கலை.

பூ? காக்டஸ் போட்டிகளில் பூ பெரும்பாலும் ஓர் உபரிதான். பூத்திருந்தால் பார்வையாளர்கள் கூட்டம் அங்கே நிற்கும். ஆனால் பூ இல்லாத நல்ல செடி, பூத்த சுமாரான செடியைச் சாதாரணமாகத் தோற்கடிக்கும். பூ சில நாளில் வாடிவிடும், பதிவேட்டில் பெரிதாக இடம் பிடிப்பதில்லை.

போட்டிக்கு முந்தைய வாரம்

பழைய வரிகளைத் திருத்த முடியாது என்றேன். ஆனால் தூசியைத் தட்டலாம். முட்களுக்கு நடுவே சிக்கிய காய்ந்த பூ, சிலந்தி வலை, சருகு எல்லாவற்றையும் சாமணமும் ஓவியத் தூரிகையும் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மெக்சிகோவின் 'கிழவர் தலைக் கள்ளி'யின் வெள்ளை முடியை ஷாம்பு கரைசலில் அலசிச் சீப்பு போட்டு வாருபவர்களும் உண்டு. வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் மாவுப்பூச்சி ஒளிந்துகொள்வதற்கு அந்த முடிதான் தோதான இடம். அலசும்போதுதான் அது கண்ணில் படும். மேஜையில் ஒரு மாவுப்பூச்சி தெரிந்தால் பரிசு போனது மட்டுமில்லை, பக்கத்துச் செடிக்காரர்களின் முறைப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும். மண்ணின் மேல் பொடிக்கல்லை ஒரே சீராகப் பரப்ப வேண்டும். இதில் நாட்டுக்கு நாடு ரசனை மாறுகிறது. பிரிட்டனில் நீண்ட காலமாகச் சாதாரண பிளாஸ்டிக் தொட்டிதான் வழக்கம். செடி பேசட்டும் என்ற மனப்பாங்கு. கலிஃபோர்னியாவில் கையால் வனைந்த பீங்கான் தொட்டி, பாறைத்துண்டுகள், செடியைச் சற்றே உயர்த்தி நடுவது என்று சிற்பம் மாதிரி அமைப்பார்கள். அங்கே அமைப்புக்கும் நல்ல மதிப்பு உண்டு.

பெயர் அட்டை இன்னொரு தலைவலி. தாவரவியலாளர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நோட்டோகாக்டஸ் பரோடியாவுக்குள் போய்விட்டது. ஹவோர்த்தியா மூன்றாகப் பிரிந்தது. பாம்புக்கற்றாழையான சான்செவியேரியா இப்போது டிராசீனா. கியூ தாவரத் தோட்டத்தின் டேவிட் ஹன்ட் 2006-இல் வெளியிட்ட 'நியூ காக்டஸ் லெக்சிகன்' பல பழைய பெயர்களை ஒன்றாகச் சுருக்கியது. வளர்ப்பவர்கள் பலர் பழைய பெயரை விடுவதாயில்லை. பொதுவாக நடுவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பழைய பெயரையும் ஏற்பார்கள். எழுத்துப்பிழையும் பெயரே இல்லாத தொட்டியும்தான் ஆகாது.

ஆறு செடி, ஒரு பலவீனம்

எந்த வகுப்பு கௌரவமானது என்று கேட்டால், பல செடிகளைச் சேர்த்து வைக்கும் வகுப்பைத்தான் காட்டுவார்கள். மூன்று காக்டஸ், ஆறு காக்டஸ் என்று அட்டவணையில் இருக்கும். ஒரு அருமையான செடி யாரிடமும் அதிர்ஷ்டவசமாக இருக்கலாம். ஆறு இருக்க வேண்டுமானால் அது அதிர்ஷ்டம் இல்லை, வளர்ப்பு முறை. ஆறும் அளவில் ஒத்துப்போக வேண்டும், வகையில் வேறுபட வேண்டும். ஐந்து முதல்தரம், ஒன்று சுமார் என்றால் நடுவரின் கண் அந்த ஒன்றில்தான் போய் நிற்கும்.

சிக்கல்: பதிவேடு யாருடையது?

இவ்வளவு தூரம் படித்தால் இது ஒரு நியாயமான போட்டியாகத் தெரியும். ஓட்டை எங்கே என்றால், செடியின் உடம்பு என்ன நடந்தது என்று சொல்லும், யாரிடம் நடந்தது என்று சொல்லாது. இருபது வருஷம் ஒருவர் வளர்த்த செடியை நான் வெள்ளிக்கிழமை காசு கொடுத்து வாங்கிச் சனிக்கிழமை மேஜையில் வைத்தால்? இதற்காகத்தான் சங்க விதிகளில், செடி குறிப்பிட்ட மாதங்களாவது போட்டியாளர் கையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில் நடக்கிற விஷயம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வயதுக்கும் அரிய வகைக்கும் மதிப்பு என்றால், இரண்டையும் குறுக்கு வழியில் அடைய ஒரு வழி, காட்டிலிருந்து தோண்டி எடுப்பது. மெக்சிகோவின் அரியோகார்பஸை விதையிலிருந்து வளர்த்தால், அதன் சொந்த வேரிலேயே, கைப்பிடி அளவு வருவதற்கு ஒருவரின் பொறுமையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பாலைவனத்தில் அது தயாராக, ஐம்பது வருஷ வயதோடு உட்கார்ந்திருக்கிறது.

இது கற்பனைப் பயமில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆராயப்பட்ட காக்டஸ் இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. முக்கியக் காரணங்களில் ஒன்று, சேகரிப்பாளர்களுக்காகச் செடியைப் பிடுங்குவது. 2020-இல் இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரிய காக்டஸ்கள் பிடிபட்டன. பெரும்பாலானவை சிலியின் அட்டகாமா பாலைவனத்துக் கோபியாபோவா. அடுத்த வருஷம் நூற்றுக்கணக்கில் அவை சிலிக்குத் திரும்ப அனுப்பப்பட்டன. டட்லியா திருட்டைத் தடுக்கவே 2021-இல் கலிஃபோர்னியா தனிச் சட்டம் போட்டது. ஏறக்குறைய மொத்தக் காக்டஸ் குடும்பமும் அழிநிலை உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வருகிறது. அரியோகார்பஸ் போன்றவை அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில்.

பொழுதுபோக்காகச் செடி வளர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் இந்தக் கடத்தலுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அதற்கு விலை ஏறும். மேஜையில் முதல் பரிசு வாங்குகிற செடியைத்தான் அடுத்த வருஷம் நாலு பேர் தேடுவார்கள்.

இந்த இடத்தில் 'நிலை'க்குக் கொடுக்கிற முதலிடம் எதிர்பாராத ஒரு நல்லதைச் செய்கிறது என்று எனக்குப் படுகிறது. காட்டிலிருந்து வந்த செடியின் பதிவேட்டில் ஆடு கடித்தது, கல் உருண்டது, வறட்சி, எரிவெயில் எல்லாம் இருக்கும். தோட்டத்துக்கு வந்தபிறகு உச்சியில் சுத்தமான வளர்ச்சி வந்தாலும் அடிப்பாகம் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். விதையிலிருந்து கண்ணாடிக்குடிலில் வளர்ந்த செடி அடிமுதல் நுனிவரை சீராக இருக்கும். எனவே தழும்பில்லாத செடிக்கு அதிக மதிப்பெண் என்பது, மறைமுகமாக வீட்டில் வளர்த்த செடிக்கு அதிக மதிப்பெண். முழுப் பாதுகாப்பு இல்லைதான். 'அரிய வகை'க்கும் பிரம்மாண்ட அளவுக்கும் நடுவர் மயங்கினால் இந்தத் தடுப்பு உடைந்துவிடும்.

இதற்கு நேரடியான பதில், பல அட்டவணைகளில் ஓரமாக இருக்கும் ஒரு வகுப்பு: போட்டியாளர் தானே விதைத்து வளர்த்த நாற்றுகள். விதைத்த வருஷத்தையும் அட்டையில் எழுத வேண்டியிருக்கும். இங்கே வாங்குவதற்கு ஒன்றுமில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பதிவேடு ஒரே ஆளுடையது. பெரிய கோப்பைகள் பெரிய செடிகளுக்குப் போகிற கூடத்தில், சின்னத் தொட்டிகளில் பட்டாணி அளவு நாற்றுகள் இருக்கும் இந்த மேஜையில் கூட்டம் குறைவாக இருக்கலாம். வகுப்பின் எடையை உயர்த்துவதும் சங்கங்களின் கையில்தான் இருக்கிறது.

நம்ம நர்சரி வாசலில்

சாலையோர நர்சரிகளில் பச்சைத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கும் கள்ளியை நீங்க பார்த்திருப்பீங்க. அது இரண்டு செடி. மேலே இருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகலிசியம், தனியாக விட்டால் பிழைக்காது. கீழே இருப்பது அதற்குச் சோறு போடும் ஒட்டுத்தண்டு, பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனம். ஒட்டுக்கட்டினால் மெதுவாக வளர்கிற செடியும் வேகமாகப் பருக்கும். அதனாலேயே போட்டியில் ஒட்டுச்செடியை, அதே அளவுக்குத் தன் வேரில் வளர்ந்த செடிக்குச் சமமாக நினைப்பதில்லை. காலத்தைக் கடன் வாங்கி வந்த அளவு அது.

அடுத்த முறை ஒரு தொட்டிக் கள்ளியை வாங்கும்போது பூவைப் பார்க்காதீங்க. தொட்டியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, அடியிலிருந்து உச்சிவரை மெதுவாகச் சுற்றிப் பாருங்க. எங்கே பட்டினி கிடந்தது, எங்கே வெயில் சுட்டது, எப்போது யாரோ ஒருவர் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தார் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். வாங்கி வந்த பிறகு மேலே எழுதப்படுகிற வரிகள் உங்களுடையவை.